வெள்ளிக்கிழமை விருந்து

ஆண் தன் பெயரை மகனுக்குச் சூட்டினால் குலப்பெருமை. பெண் தன் பெயரை மகளுக்குச் சூட்டினால்? 2000 அக்டோபர் 5 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்த ‘கில்மோர் கேர்ல்ஸ்’ தொடரின் முதல் பகுதி, இக்கேள்வியைப் போகிற போக்கில் வீசிச் செல்கிறது. லோரலாய் தன் மகளுக்கும் லோரலாய் என்றே பெயரிட்டவள். அழைப்பது ரோரி என்று.

16 வயதில் தாயானவள் அவள். கருவுக்குக் காரணமானவனை மணந்துகொள் என்றனர் பெற்றோர், மறுத்தாள். கனெக்டிகட் மாநிலத்துச் செல்வர் மாளிகையை விட்டுக் குழந்தையுடன் வெளியேறினாள். விடுதியொன்றில் பணிப்பெண்ணாய் நுழைந்தாள்; அதே விடுதியை நிர்வகிக்கும் நிலைக்கு உயர்ந்தாள். அழுது வடியும் அபலையாக அவளைக் காட்டாத ஏமி ஷெர்மன் பல்லடினோவின் எழுதுகோலைப் பாராட்டுகிறோம். வேடிக்கை என்னவெனில், ‘குடும்பத்துக்கு உகந்த’ நாடகங்களை வளர்க்க விளம்பர நிறுவனங்கள் அளித்த நிதியில் உருவான கதை இது! மணமாகாத தாயும் குடும்பந்தான் என்பதை முதலாளிகளின் பணத்திலேயே சொல்லிவிட்டார் அம்மையார்.

சிக்கல் பள்ளிக் கட்டணத்தில் தொடங்குகிறது. சில்டன் என்ற தனியார் பள்ளியில் ரோரிக்கு இடம் கிடைக்கிறது, கட்டப் பணமில்லை. பெற்றோரிடம் கடன் கேட்கிறாள் லோரலாய். தாய் எமிலி வட்டி கேட்கவில்லை. வெள்ளிதோறும் இரவு விருந்துக்கு வரவேண்டும், வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசவேண்டும் என்கிறாள். அன்பா, அடமானமா? இரண்டுமே. மகளின் வாழ்வில் நுழைய வேறு வாயில் இல்லாத தாய், பணத்தையே சாவியாக்குகிறாள். கெல்லி பிஷப்பின் நடிப்பில் எமிலியை வெறுக்க நம்மால் முடியவில்லை.

முதல் விருந்திலேயே தந்தை ரிச்சர்ட், ரோரியின் தகப்பன் தொழிலில் ஓங்கிய கதையைப் பெருமையுடன் பேச, லோரலாய் எழுந்து அடுக்களைக்குப் போகிறாள். அங்கே தாயும் மகளும் மோதும் கட்டமே இப்பகுதியின் உயிர். கருவுற்றால் கல்யாணம், இது எமிலியின் சாத்திரம். 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஏன் கால்கட்டு என்பது மகளின் வாதம். வாதத்தில் மகள் வெல்கிறாள். பணமோ தாயின் கையில்!

ஒன்றைத்தான் ஏற்க இயலவில்லை. விடுதியையே நடத்தும் உழைப்பாளி, அறிவுள்ள மகளைப் படிக்கவைக்கச் செல்வர் வாசலில் ஏன் நிற்கவேண்டும்? ஊர்ப் பொதுப்பள்ளியில் படித்தவள் ஹார்வர்டுக்குப் போகக்கூடாதா? நாடகம் இதைக் கேட்கவேயில்லை. வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் நமக்கு அது உறுத்துகிறது. கேட்டிருந்தால் வெள்ளி விருந்து ஏது, கதைதான் ஏது என்பீர்கள். இருக்கலாம்.

புதிதாய்க் கண்ட ஒருவனுக்காகப் பள்ளி மாறமாட்டேன் என்று அடம்பிடித்தவள் ரோரி. அடுக்களைச் சண்டை காதில் விழுந்த பிறகே, தாய் எதை விழுங்கிக்கொண்டு கடன் வாங்கினாள் என்பதை அறிகிறாள். அறிந்தும் கண்ணீர் இல்லை, காலில் விழுதல் இல்லை. இருவரும் வழக்கமான உணவுக்கடைக்குப் போய்க் காப்பி கேட்கிறார்கள்.