வரி மாநகருக்கு, பள்ளி யாருக்கு?

ஊராட்சியாய் இருந்தபோது ஏட்டளவிலேனும் உரிமை. மாநகராய் உயர்ந்தபின் அதுவும் இல்லை! ஜூஜூவாடியும் மூக்கண்டப்பள்ளியும் ஒருகாலத்தில் தனி ஊராட்சிகள். 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசமைப்பில் சேர்ந்த பதினோராம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவற்றுள் பள்ளிக் கல்வியை வெளிப்படையாகவே எழுதிற்று. அவ்வூர்கள் ஓசூரோடு இணைந்தன. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆயிற்று. நகரங்களுக்கென வகுத்த பன்னிரண்டாம் அட்டவணையைப் புரட்டுங்கள், தோழர்களே! சுடுகாடு உண்டு, கால்நடைப் பட்டி உண்டு, ஆடுமாடு அறுக்கும் தொட்டி உண்டு. கல்வியை வளர்த்தல் என்று பொத்தாம்பொதுவாய் ஒரு வரியும் உண்டு. பள்ளிக்கூடம்? அச்சொல்லே இல்லை!

ஆலைச் சங்கொலிக்குக் கண்விழிக்கும் நகர் இது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளோடு, வடபுலத்திலிருந்து பிழைக்க வந்தோரின் பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் அமர்கின்றனர். எத்தெருவில் எம்மொழிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை வட்டத்து உறுப்பினர் அறிவார். ஆசிரியரை அமர்த்துவதோ பள்ளிக் கல்வித்துறை. சொத்துவரியோடு கல்விவரியும் செலுத்தும் தொழிலாளி, பள்ளியின் குறைக்கு எவர் கதவைத் தட்டுவது?

ஊராள்வோர் கையில் பள்ளி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை சான்று. 1920இல் மாநகராட்சித் தலைவராயிருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளித்தார். வருகை பெருகிற்று. 1925இல் அந்நிய ஆட்சி, கல்வி நிதியை உணவுக்குச் செலவிடலாகாதெனக் கைகட்டியது. பசியைக் கண்டது நகர மன்றம். கணக்கை மட்டுமே கண்டது மேலாட்சி!

அப்படியானால் மேயர் ஒருவரிடமே ஒப்படைத்துவிடலாமா? நாம் அதை ஏற்கமாட்டோம். சிக்காகோ 1995இல் அவ்வாறே செய்தது. 2013இல், பெற்றோர் கதறியும், ஏறத்தாழ ஐம்பது பள்ளிகளுக்குப் பூட்டு விழுந்தது. பின்னர் 2021இல், மக்கள் தேர்ந்தெடுக்கும் கல்வி மன்றத்துக்குச் சட்டம் செய்ய நேர்ந்தது. சென்னைச் செயலகத்தின் நாற்காலியை ஓசூருக்குத் தூக்கிவந்து போடுவது சீர்திருத்தமாகாது.

மாமன்றத்திடம் பொறுப்பு வரவேண்டும் என்பதே நம் வழக்கு. முடியாததா? சென்னை 2011இல் விரிந்தது. பத்தாண்டுக்கு மேல் கழித்தேனும், விரிந்த பகுதியின் 139 பள்ளிகள் மாநகராட்சியிடம் வந்தன. ஓசூரிலும், ஊதியம் அரசுக் கருவூலத்திலிருந்தே வரட்டும். அச்சுமையை இளைய மாநகராட்சி தாங்காது. எங்கே கட்டடம், எம்மொழிக்கு வகுப்பு, எப்பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை மாமன்றக் கல்விக்குழு, பெற்றோர் முன்னிலையில், திறந்த கூட்டத்தில் முடிவு செய்யட்டும். வட்டத்து உறுப்பினரைக் காணும் இளைஞர்கள், சாக்கடையைக் கேட்டபின் இதையும் கேளுங்கள்.