முதற்குறியிலேயே தீர்ப்பு

மேலிருந்து கீழாகப் பாகுபடுத்தும் முறையைக் கற்பிப்போரிடையே, எல்எல்(1) வகையில் அடங்கும் இலக்கணமே ஒழுங்கானது என்றும் அடங்காதது குறையுடையது என்றும் பேசும் வழக்கம் வேரூன்றிவிட்டது. லூயிசும் ஸ்டேர்ன்சும் 1968 இலும், ரோசன்கிராண்ட்சும் ஸ்டேர்ன்சும் 1970 இலும் ஆராய்ந்த இவ்வகைப்பாடு கேட்பது ஒன்றே: அடுத்து நிற்கும் ஒரு குறியை மட்டும் பார்த்து, பின்வாங்காமல், எந்த விதியைத் தெரிவதென்று துணிய முடியுமா? ஒரு விதி எக்குறிகளில் தொடங்கலாம் என்பது அதன் முதற்கணம். விதி வெறுமையாகக்கூடுமானால், அதன்பின் வரத்தக்க குறிகளான தொடர்கணமும் அதனுடன் சேர்ந்து முன்னோக்குக் கணமாகும். மாற்று விதிகளின் முன்னோக்குக் கணங்களில் பொதுக்குறி எதுவும் இல்லையெனில் இலக்கணம் தேறும். வேகமும், தவறான முதற்குறியிலேயே நின்றுவிடும் ஒழுங்கும், கையாலேயே எழுதத்தக்க எளிமையும் இம்முறையின் பலன்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் தொடக்கத்தை வைத்தே முழுவதையும் தீர்மானிக்கும் இவ்வளவுகோல், முடிவை இறுதியில் சொல்லும் தமிழ்த் தொடருக்கு இயல்பிலேயே பகையானது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியை எடுத்துக்கொள்ளலாம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்குப் போதிய நீராழம் உண்டா என்று சோதிக்கும் வரியை அதில் எழுதினால், '@( ஆழம் < தேவை ) ஆனால்' என்று, தமிழில் பேசுவதைப் போலவே நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாக அமையும். 'வரை', 'ஆக', 'ஒவ்வொன்றாக' ஆகியவற்றில் முடியும் சுழற்சிக் கூற்றுகளும் இதே '@' குறியில்தான் தொடங்குகின்றன. ஆகவே நான்கையும் தனித்தனி விதிகளாக எழுதினால் நான்கின் முதற்கணமும் ஒன்றாகி, இலக்கணம் சோதனையில் தோற்கும். அடைப்புக்குள் வரும் கோவையின் நீளத்துக்கு எல்லை இல்லாததால், முன்னோக்கும் குறிகளை இரண்டு, மூன்று, நூறு என்று கூட்டினாலும் தோல்வி மாறாது. பொதுப்பகுதியை வெளியே எடுத்து, இறுதிச் சொல்லைக் கண்டபின் பிரியுமாறு விதிகளைத் திருத்தினாலோ அதே நிரல்கள் அனைத்தும் தடையின்றித் தேறிவிடும். தோற்றது மொழியன்று, அதை எழுதிய விதம். இந்த வேறுபாட்டை நூல்கள் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட்டு, மொழிக்கே சான்றிதழ் வழங்குகின்றன.

'@' குறியின் வேலையையும் இங்கே கவனிக்க வேண்டும். தமிழ்த் தொடருக்கு அது தேவையில்லை. நிபந்தனை வருகிறது என்று பாகுபடுத்திக்கு முன்கூட்டிக் கட்டியம் கூறவே அது பயன்படுகிறது. மாறாக, 1965 இல் கனூத் வகுத்த எல்ஆர் முறை, கண்டவற்றை அடுக்கில் சேர்த்துவைத்து விதி முழுதும் தெரிந்தபின்பே துணிகிறது. வினைமுற்றுக்காகக் காத்திருக்கும் தமிழ் வாசகர் செய்வதும் இதுவே. இருந்தும் எல்எல்(1) எளிமையானது என்ற ஒரே வாதம், அவ்வெளிமைக்கான விலையை மொழியை எழுதுபவர் செலுத்துகிறார் என்பதை மறைத்து, மீண்டும் மீண்டும் ஒப்பிக்கப்படுகிறது.

எழில் எழுதப்பட்ட பைதன் மொழியே 2020 இல் 3.9 பதிப்புடன் எல்எல்(1) பாகுபடுத்தியைக் கைவிட்டது. 'வித்' கூற்றின் உறுப்புகளை அடைப்புக்குள் எழுதப் பயனர்கள் நெடுநாள் விரும்பியும், திறக்கும் அடைப்பு கோவைக்கா உறுப்பு வரிசைக்கா என்று ஒரு குறியை வைத்துப் பழைய பாகுபடுத்தியால் பிரித்தறிய இயலவில்லை. 2021 இல் வந்த 3.10 பதிப்பில்தான் அவ்வெழுத்துமுறை முறைப்படி ஏற்கப்பட்டது.