பிள்ளை பெற்றபின் மார்பக அழகுச் சத்திரசிகிச்சை: எது தேவை, எது சுமை?

2018 பெப்ரவரியில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மார்பக அழகுச் சிகிச்சைக்கென்று இலவசப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அழகுக்கான சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் தமிழ்நாட்டின் அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர். அரசு செய்து கொடுக்காவிட்டால் ஏழைப் பெண்கள் கடன்படுவார்கள், அல்லது ஆபத்தான வழிகளைத் தேடிப் போவார்கள் என்பது அவர் வாதம். உயிர் காக்கும் சிகிச்சையை விட்டுவிட்டு இதற்கா பணம் என்று மறுபக்கம் கேட்டது. பொதுச் சுகாதாரத் துறையின் முன்னாள் இயக்குநர் எஸ். இளங்கோவும் அப்படிக் கேட்டவர்களில் ஒருவர்.

இலங்கை மலைநாட்டின் வெலிமடையிலிருந்து பார்க்கும்போது இரண்டு தரப்பும் ஒரு முக்கியமான இடத்தைத் தாண்டிப் போய்விட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. ‘மார்பக அழகுச் சிகிச்சை’ என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு காரியங்கள் இருக்கின்றன. பாரமான மார்பைக் குறைப்பது ஒன்று. தொய்ந்ததை ஏற்றித் தைப்பது இன்னொன்று. சிலிக்கோன் பை வைத்துப் பெரிதாக்குவது மூன்றாவது. இவற்றின் நோக்கம் வேறு, பலன் வேறு, பின்விளைவு வேறு. மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டு ‘வேண்டும்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொன்னால், இரண்டு பதிலுமே பிழையாகத்தான் முடியும்.

இந்தக் கேள்வி இங்கே சத்தமாகக் கேட்கப்படுவதில்லை. கொழுந்து பறிக்கிற பெண்ணும், உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிற தோட்டக்காரியும், பாடசாலை ஆசிரியையும், வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பியவளும் மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு கண்ணாடி முன் நின்று யோசிக்கிறார்கள். வாய் திறந்து சொன்னால், பிள்ளை பெற்ற பிறகு உனக்கு என்ன அழகு வேண்டியிருக்கு என்று வீட்டில் கேட்பார்கள். அந்தப் பயத்தில் அழகு பற்றிய ஆசை மட்டுமா அமுங்குகிறது? வலியும் சேர்ந்தே அமுங்கிப் போகிறது.

முதலில் உடம்பில் நடப்பதைப் பார்ப்போம். கர்ப்பத்தில் பால் சுரப்பிகள் பெருகி மார்பு விரிகிறது, தோல் இழுபடுகிறது. பால் நின்ற பிறகு சுரப்பிகள் சுருங்கிவிடும். இழுபட்ட தோலும் உள்ளே தாங்கிப் பிடிக்கும் இழைநார்களும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. மார்பகத்துக்குள் தசை கிடையாது. ஆகவே உடற்பயிற்சியாலும் எண்ணெய்த் தேய்ப்பாலும், கடையில் விற்கிற எந்தக் கிரீமாலும் அதை மேலே ஏற்ற முடியாது. இதில் பணம் போட வேண்டாம் என்று தயக்கமில்லாமல் சொல்லலாம்.

இதோடு ஒட்டிய பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. பால் கொடுப்பதால்தான் மார்பு தொய்கிறது என்பார்கள். 2007இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் பிரையன் ரிங்கர், தம்மிடம் வந்த பெண்களை வைத்து இதை ஆராய்ந்தார். வயது, உடல் எடை, கர்ப்பங்களின் எண்ணிக்கை, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்குத் தொய்வோடு தொடர்பு இருந்தது. பால் கொடுத்ததற்கு இல்லை. பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் இலங்கைக்கு நல்ல பேர் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டில் அந்த விகிதம் 82 சதவீதம். அழகு கெட்டுவிடும் என்ற பயத்தில் ஒரு தாய் பாலை நிறுத்தினாலும் அது வீண் இழப்பு.

இனி மார்பகக் குறைப்புக்கு வருகிறேன். கட்டுரையின் பெரும்பகுதியை இதற்கே கொடுக்கலாம், ஏனென்றால் மலைநாட்டுப் பெண்ணுக்கு நேராகப் பொருந்துவது இதுதான். கொழுந்துப் பையின் கயிறு உச்சந்தலையில் மாட்டியிருக்கும், பாரம் முதுகுப் பக்கம் இழுக்கும். மார்பு அளவுக்கு மீறிப் பாரமாக இருந்தால் அது முன்பக்கம் இழுக்கும். நடுவில் அகப்படுவது கழுத்து. பதினெட்டு, இருபது கிலோ பறித்து நிறுவைக்குப் போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்ணின் தோளைப் பார்த்தால், உள்பாடியின் பட்டி பதிந்து பள்ளமாகிக் கறுத்த தடம் தெரியும். மழைக்காலத்தில் இடுப்பில் படங்கு கட்டி நனைந்தபடி வேலை செய்கிறபோது மார்பின் அடித்தோல் காயாமல் வெந்து புண்ணாகிறது. பௌடர் போட்டு, பழைய துணியை மடித்து வைத்து, அடுத்த நாளும் மலைக்குப் போகிறாள். இது அலங்காரப் பிரச்சினையே அல்ல, வேலை செய்யும் உடம்பின் வருத்தம்.

இந்த வருத்தத்துக்குக் குறைப்புச் சத்திரசிகிச்சை உண்மையிலேயே பலன் தருகிறது. கழுத்து, தோள், முதுகு வலி குறைவதிலும், செய்துகொண்டவர்கள் சொல்லும் திருப்தியிலும், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைகளில் இது முன்வரிசையில் நிற்கிறது. அமெரிக்காவில் பல காப்புறுதி நிறுவனங்கள் வலிக்கான குறைப்புக்குப் பணம் கொடுக்கும், பெரிதாக்குவதற்குக் கொடுக்காது. ஸ்டான்லியிலும் இலவசப் பிரிவுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்தத் தோள்வலியும் முதுகுவலியும் இருந்தன. 1971இல் ஆர். வெங்கடசாமி கைச் சத்திரசிகிச்சையைத் தொடங்கிய மருத்துவமனை அது. இயந்திரத்தில் நசுங்கிய தொழிலாளியின் கையைத் திரும்ப வேலைக்குக் கொடுத்துப் பேர் வாங்கிய இடம். அப்படிப்பட்ட இடத்தில், பாரத்தால் வளைந்துபோன ஒரு தொழிலாளியின் முதுகை நிமிர்த்துவது வீண்செலவு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. முலைக்காம்பைச் சுற்றி, அங்கிருந்து கீழே, பிறகு மார்பின் அடியோரம் என நங்கூர வடிவத்தில் தழும்பு விழும். கீழிறங்கும் தையலும் அடியோரத் தையலும் சந்திக்கும் முனைதான் ஆறுவதற்கு மிகவும் பிந்தும். நீரிழிவோ வெற்றிலைப் புகையிலைப் பழக்கமோ இருந்தால் இன்னும் பிந்தும். நம்மவர்களின் கருந்தோலில் தழும்பு தடித்து எழும்புவது மற்றவர்களைவிட அதிகம். காம்பில் உணர்ச்சி குறையலாம். அடுத்த பிள்ளைக்குப் பால் போதாமலும் போகலாம். ஆகவே, இனிப் பிள்ளை இல்லை என்று முடிவானவர்களுக்கே இது பொருந்தும். பால் நின்று குறைந்தது ஆறு மாதம் கழித்து, எடை ஏறி இறங்காத நிலையில் செய்ய வேண்டும்.

ஏற்றித் தைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தழும்பு ஏறக்குறைய அதேதான், வலி நிவாரணம் கிடையாது, வடிவம் மட்டும் திரும்பும். அதுவும் நிரந்தரமில்லை. வயதும் எடையும் மறுபடி இழுக்கும், இன்னொரு கர்ப்பம் வந்தால் செய்தது கலைந்துவிடும். கையில் காசும் ஓய்வுக்கு ஆளும் இருக்கிற பெண், இவ்வளவையும் தெரிந்துகொண்டு தன் விருப்பத்துக்குச் செய்துகொண்டால் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கடன்பட்டுச் செய்ய வேண்டிய காரியம் மட்டும் அல்ல.

சிலிக்கோன் பை விஷயத்தில் நான் கடுமையாகவே பேசுவேன். அதன் வரலாறே ஒரு தாயிடமிருந்துதான் தொடங்குகிறது. 1962இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்ற இரு வைத்தியர்கள் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்கு உலகின் முதல் சிலிக்கோன் பைகளை வைத்தார்கள். ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்கு. மார்பைப் பெரிதாக்கும் யோசனை வைத்தியர்களுடையது. அவர் கேட்டதோ, தன் காதுகளைச் சற்றுப் பின்னுக்குத் தைத்துத் தர முடியுமா என்பது. இந்தத் தொழில் பிறந்த நாளிலேயே, பெண் எதைக் கேட்டாள், வைத்தியர் எதை விற்றார் என்ற இடைவெளி இருந்திருக்கிறது.

பிறகு நடந்தவை நமக்கு எச்சரிக்கை. பிரான்சின் பிப் நிறுவனம் மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலைச் சிலிக்கோனை அடைத்து உலகமெங்கும் விற்றது. 2010இல் குட்டு வெளிப்பட்டது, 2013இல் நிறுவனர் ஜான்-குளோட் மாஸுக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குள் இலட்சக்கணக்கான பெண்களின் உடம்புக்குள் அது போய்விட்டது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் சொரசொரப்பான மேற்பரப்புள்ள தன் பயோசெல் பைகளை உலகெங்கிலும் இருந்து திரும்பப் பெற்றது. அவற்றைச் சுற்றி ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் உருவாவது உறுதியாகியிருந்தது. 2021 ஒக்டோபரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் எல்லாப் பைகளுக்கும் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இந்தப் பைகள் ஆயுளுக்கும் இருக்கக்கூடியவை அல்ல, காலம் செல்லச் செல்லச் சிக்கல் கூடும், மறுபடி சத்திரசிகிச்சை வேண்டிவரலாம் என்பதைப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்றது.

சிலிக்கோன் பை உள்ளே கிழிந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது. அதனால் ஐந்தாறு ஆண்டில் முதல் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்று என்பது அதே நிர்வாகத்தின் அறிவுரை. வெலிமடைப் பெண்ணுக்கு இதை விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயணம், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி நட்டம். சத்திரசிகிச்சை கொழும்பில் என்றால் பெரகலை, பலாங்கொடை வழியாக ஒரு பகல் பஸ் பயணம். தையலில் சீழ் பிடித்தால் நடுராத்திரியில் அந்த வைத்தியரிடம் எப்படிப் போவாள்? பையைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசு இறுகிக் கல்லாகிவிட்டால் திரும்பத் திறக்கும் செலவை யார் தருவார்கள்? மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் மெமோகிராம் படத்தையும் பை மறைக்கும், கூடுதல் கோணங்களில் எடுக்க வேண்டிவரும். மாதத் தவணைக்கு வாங்கின வாகனத்தைப் போல, வாங்குகிற விலையைவிட வைத்துக் காப்பாற்றும் விலைதான் இதில் பெரிது.

கூலிக் கணக்கையும் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. நாட்சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. தனியார் மருத்துவமனையில் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பல இலட்சம் போகும். அதோடு நான்கிலிருந்து ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. பிரசவத்துக்குச் சட்டம் 12 வார விடுமுறை தருகிறது. இதற்கு அப்படி எதுவும் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை தூக்கு என்று கையை நீட்டும்போது தாய் எத்தனை நாளைக்குத் தூக்காமல் இருப்பாள்?

தோட்டப்புறத்தில் இன்னொரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. கருத்தடைக்கு அரசு ஊக்கத்தொகை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. தோட்டப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடை நாட்டின் மற்றப் பகுதிகளைவிட வெகு அதிகமாக இருந்தது. அதில் எத்தனை பேருக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தி மனமொத்த சம்மதம் வாங்கினார்கள் என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள். தன் உடம்பில் கத்தி வைப்பது பற்றி மற்றவர்கள் தீர்மானித்த அனுபவம் நம் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் உண்டு. ஆகவே ‘இலவசம்’ என்ற சொல்லோடு எந்தச் சிகிச்சை வந்தாலும், கேட்டவள் அவளா, அவள் மொழியில் அவளுக்குச் சொன்னார்களா என்று பார்ப்பது நம் கடமை. கணவன் சொன்னான் என்பதற்காகச் செய்வதும், கணவன் மறுத்தான் என்பதற்காக வலியைச் சுமப்பதும் ஒரே அநியாயத்தின் இரண்டு பக்கங்கள்.

மனநிலையையும் சேர்த்து நிறுக்க வேண்டும். மார்பைப் பெரிதாக்கிக்கொண்ட பெண்களிடையே தற்கொலை எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2003இல் சுவீடனில் இருந்து வந்த ஓர் ஆய்வு சொன்னது. பைதான் காரணம் என்று அதற்குப் பொருளில்லை. உள்ளே ஆறாத துயரம் இருப்பவர்களில் சிலர் அதை உடம்பின் குறையாக எண்ணி வைத்தியரைத் தேடிப் போகிறார்கள் என்று கொள்வதே பொருத்தம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கத்தி தீர்க்காது. அப்படிப்பட்ட பெண்ணுக்கு முதலில் தேவை மனநல வைத்தியர்.

என் தீர்ப்பு இது. வலிக்கும் புண்ணுக்கும் காரணமான பாரத்தைக் குறைப்பது சிகிச்சை. அது அரச வைத்தியசாலையில், இலவசமாக, வெட்கப்படுத்தாமல் கிடைக்க வேண்டும். ஏற்றித் தைப்பது வசதியுள்ளவரின் சொந்த விருப்பம். சிலிக்கோன் பை, தொடர்ந்து கண்காணிக்க வழியில்லாத மலைநாட்டுத் தாய்க்கு வேண்டாம்.

சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களில் 1996 முதல் சுகமகளிர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதைத் தாண்டிய பெண்ணின் மார்பைக் கட்டிக்காக அங்கே கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். அதே நேரத்தில் தோள் வலிக்கிறதா, மார்பின் அடியில் புண் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைத் தமிழில் கேட்டு, தேவைப்பட்டவரைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பும்படி ஊவா மாகாண சுகாதார அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். சகோதரிகளே, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் நீங்களே சொல்லுங்கள்.