அடிமை என்னும் சொல்

ஒரு மனிதனை எந்தச் சொல்லால் அழைக்கின்றோமோ, அந்தச் சொல்லுக்கேற்பவே அவனை நடத்தவும் தலைப்படுகின்றோம். குலசேகரம் வட்டாரத்தின் சுவரொட்டிகளிலும், பள்ளிவாசல் உரைகளிலும், பட்டிமன்ற மேடைகளிலும், நம் கதையாசிரியர்தம் எழுத்துக்களிலும் ஓயாது ஒலிக்கும் ஒரு சொல் ‘போதை அடிமை’ என்பது. நாமும் பல்லாண்டுகள் அதனைத் தயக்கமின்றிக் கையாண்டு வந்தோம். இன்று அச்சொல்லை உரைத்துப் பார்க்க விழைகின்றோம்.

அதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து மஹல்லா ஒன்றில் போதை ஒழிப்புக் கூட்டம் நடைபெற்றது. பேச்சாளர் பலர் முழங்கினர். அவையின் பின்வரிசையிலிருந்து நம் பழைய மாணவர் ஒருவர் எழுந்து, தமக்கும் இரண்டு நிமிடம் தரவேண்டுமெனக் கேட்டார். ரப்பர்ப் பால்வெட்டுத் தொழிலாளி அவர். ஊசிப் பழக்கத்தில் வீழ்ந்து, ஒரு விடுதியில் இருபது நாள் சங்கிலியில் கிடந்து, பின்னர் மருத்துவத்தால் மீண்டவர். “அடிமைக்கு என்ன பேச்சு? உட்காரப்பா” என்றார் பெரியவர் ஒருவர். அவை சிரித்தது. மேடையில் அமர்ந்திருந்த நாம் வாய் திறந்தோமில்லை. கூட்டம் கலைந்தபின் வாசலில் அவர் நம்மிடம் சொன்னது இவ்வளவே: “உஸ்தாதே, எல்லாரும் எங்களப் பத்திப் பேசினாவ. எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கல்ல.”

அரபு மொழியில் இத்தகையோரைக் குறிக்கும் சொல் ‘முத்மின்’ என்பது. ஒரு செயலை விடாது தொடர்ந்து செய்பவன் என்பதே அதன் பொருள். அச்சொல் செயலைச் சுட்டுகிறது. தொடர்பவன் ஒருநாள் நிறுத்தவும் கூடும் என்பதற்கு அதில் இடமுண்டு. ‘கம்ர்’ என்னும் மதுவின் பெயரும் மூடுதல் என்ற வேரினின்று பிறந்தது. அறிவை மூடுவதால் அப்பெயர் பெற்றது. மூடியதை விலக்கலாம். தமிழில் நாம் வழங்கும் ‘அடிமை’யோ செயலை விட்டு ஆளையே சுட்டுகிறது. அடிமைக்குச் சொந்த விருப்பில்லை. அவன் சாட்சியம் எடுபடாது. அவனுக்காகப் பிறர்தாம் பேசவேண்டும். மேலும், படைத்தவன் ஒருவனுக்கே மனிதன் அடியான் என்று நம்புகின்ற நாம், ஒரு பொடிக்கும் ஒரு மாத்திரைக்கும் அவனை அடிமையென எழுதிக்கொடுப்பது எங்ஙனம் பொருந்தும்?

நம் கதைகளைப் பாருங்கள். குடிப்பவனும் கஞ்சா புகைப்பவனும் அவற்றில் பெரும்பாலும் நகைப்புக்குரியவர். அன்றேல் இறுதிப் பக்கத்தில் செத்துப் படிப்பினையாகிறவர். இடையில் அவர் தம்வாயால் தம் கதையைச் சொல்லும் பக்கம் அரிதினும் அரிது.

விலக்கப்பட்டது விலக்கப்பட்டதே, அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஸஹீஹுல் புகாரியில் பதிவான நிகழ்ச்சி ஒன்றை மறத்தலாகாது. மது அருந்தியதற்காகப் பன்முறை கொண்டுவரப்பட்டுத் தண்டனையும் பெற்ற ஒருவரை, அங்கிருந்தோரில் ஒருவர் சபித்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சாபத்தைத் தடுத்து, அம்மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்றளித்தார்கள். குற்றம் குற்றமாகவே நின்றது. மனிதர் அவையினின்று தள்ளப்படவில்லை.

தம் குரலைத் தாமே மீட்க முனைந்தோரின் வரலாறு உலகில் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1970களின் பிற்பகுதியில் போதைப்பொருள் பயன்படுத்துவோர் சங்கம் கண்டனர். ஆம்ஸ்டர்டாமில் 1984இல், ஈரல் அழற்சி நோய் பரவாதிருக்கத் தூய ஊசிகளை வழங்கும் ஏற்பாடு, அத்தகைய சங்கத்தாரின் வற்புறுத்தலால் தொடங்கிற்று. கனடாவின் வான்கூவரில் 1998இல் இத்தகையதோர் அமைப்பு எழுந்தது. நம் நாட்டில், ஹெராயினும் எச்.ஐ.வி.யும் ஒருங்கே தாக்கிய மணிப்பூரின் இம்பாலில், பழக்கத்திலிருந்து மீண்டவர்களே 1991இல் ‘சாசோ’ என்னும் சமூக விழிப்புணர்வு அமைப்பைத் தோற்றுவித்தனர். பகிர்ந்த ஊசியால் நோய் பரவுவதை முதலில் உணர்ந்து உரைக்க வல்லவர் அவ்வூசியைப் பிடித்தவரேயன்றோ? பின்னாளில் அரசின் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்திலேயே ஊசி வழங்கலும், புப்ரினார்ஃபின் மாற்று மருத்துவமும் இடம்பெற்றன.

இவர்கள் கேட்பன யாவை? அடியும் சங்கிலியும் இல்லாத மருத்துவம். காவல்துறை அச்சமின்றி மருத்துவமனை செல்லும் வழி. தம்மைப் பற்றிய முடிவுகளில் தமக்கோர் இடம். இவற்றுட் சில சட்டத்திலேயே உள்ளன. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், உட்கொள்வதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. ஆயினும், உட்கொண்டதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ குற்றஞ்சாட்டப்பட்டவர் தாமே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்று முடித்தால், அவருக்கு வழக்கினின்று விலக்களிக்கிறது அதன் 64ஏ பிரிவு. இதனை நம் ஊர்களில் எத்தனை பெற்றோர் அறிவர்?

சங்கிலியைப் பற்றி நாம் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் மனநல விடுதியொன்று தீப்பற்றியபோது, கட்டப்பட்டிருந்த மனநோயாளர் இருபத்தெண்மர் தப்ப வழியின்றி மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுதலைத் தடை செய்கிறது. மது, போதைப்பொருள் பழக்கத்தால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்பினுள் கொள்கிறது. ஆதலின் நம் மாணவரைக் கட்டியவர் அவருக்கு நன்மை செய்தவராகார், சட்டத்தை மீறியவரே.

‘இவர்களைச் சங்கம் கூடவிட்டால் பழக்கத்துக்கு ஒப்புதல் தந்ததாகாதா?’ என வினவுவோர் உளர். வினா நேர்மையானதே. உட்கொள்வதையே குற்றமற்றதாக்க வேண்டுமென்று கோரும் சங்கங்களும் உள்ளன. மார்க்கம் கற்ற நாம் பழக்கத்தை உரிமையென ஏற்க இயலாது. எனினும், கேட்பது வேறு, ஒப்புவது வேறு. வழக்கில் எதிர்த்தரப்பையும் கேளாது தீர்ப்புரைக்கக் கூடாது என்று ஃபிக்ஹு நூல்களைக் கற்பிக்கும் நாம், தெருமுனையில் நிற்கும் நம் பிள்ளைக்கு அந்த நீதியை மறுப்பதேன்? வெட்கத்தால் மறைந்து வாழ்பவன் மருத்துவரிடம் செல்வதில்லை. மறைவிலேயே நோயும் வளர்கிறது, மரணமும் நேர்கிறது.

எனவே எழுத்தாளர்க்கும் இமாம்களுக்கும் நம் வேண்டுகோள் இரண்டு. ‘போதை அடிமை’ என்பதை விடுத்து, ‘போதைப் பழக்கமுடையவர்’ என எழுதுக, பேசுக. போதை ஒழிப்புக் கூட்டமெனில், அப்பழக்கத்தை அறிந்தவர் ஒருவர்க்கேனும் மேடையில் நாற்காலி தருக.

அன்று நாம் காத்த மௌனத்திற்காக அம்மாணவரிடம் பின்னர் நேரில் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தார், அடுத்த கூட்டம் எப்போதெனக் கேட்டார். அந்த நாளைக் குறித்துச் சொல்லவேண்டிய கடன் இன்னும் நம்மீதே உள்ளது.