'ராக் தர்பாரி'யில் அரசும் சமுதாயமும்

அரசு ஆள்வது, சமுதாயம் ஆளப்படுவது, இரண்டும் எதிரெதிரே நிற்பன என்று கருதுவது பெருவழக்கு. ஊரில் தீமை நிகழின், அரசு கெட்டது என்பர் ஒரு சாரார். மக்கள் கெட்டனர் என்பர் மற்றொரு சாரார். இந்திய அரசியலைப் பொறுத்தவரை இவ்விரு கூற்றும் நிறைவுடையன அல்ல என்பதற்கு, ஸ்ரீலால் சுக்லா இந்தியில் எழுதிய 'ராக் தர்பாரி' என்னும் புதினம் தக்க சான்றாகும். 1968இல் வெளிவந்து, 1969ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசினைப் பெற்ற இந்நூலின் ஆசிரியர், உத்தரப் பிரதேச அரசுப் பணியில் இருந்தவர். இதனை அலுவலர் ஊழலைச் சாடும் அங்கதம் என்று மட்டும் கொள்வாருளர். அக்கருத்துப் பொருந்துமா என ஆராய்வோம்.

கதை நிகழும் ஊர் சிவபால்கஞ்சு. வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்ற ரங்கநாத், உடல்நலம் தேறும்பொருட்டு அங்குள்ள தன் மாமன் வைத்தியஜியின் இல்லத்திற்கு வருகின்றான். விடுதலைக்குப் பின் ஊர்களில் வேரூன்றுமென எதிர்பார்க்கப்பட்ட கல்லூரி, கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி ஆகிய மூன்றும் வைத்தியஜியின் கைக்குள் அடங்குகின்றன. முதல் இரண்டனையும் அவரே நிருவகிக்கின்றார்; ஊராட்சித் தலைவனாக அவர் வீட்டு ஏவலாள் சனீசர் ஆக்கப்படுகின்றான். சங்கத்துக் கோதுமை களவு போகின்றது. அவ்விழப்பை அரசே ஈடு செய்தல் வேண்டுமெனத் தீர்மானம் எழுகின்றது.

இங்குச் சமுதாயம் அரசை எதிர்க்கவும் இல்லை. அதற்கு அஞ்சவும் இல்லை. அரசு தந்த புதிய அமைப்புகளைத் தன் பழைய ஆதிக்க முறைக்கேற்ப வளைத்துக்கொள்கின்றது. அரசும் ஊருக்குள் நுழைய வைத்தியஜி போன்றாரையே வாயிலாகக் கொள்கின்றது. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவ்வுறவே நூலின் உட்பொருள். ஆகவே, அலுவலர் ஊழல் என்னும் விளக்கம் அதன் ஒரு புறத்தை மட்டுமே தொடுகின்றது எனலாம்.

இவ்வுறவிற்கு வெளியே நிற்பவன் லங்கட் என்னும் கால் ஊனமுற்றவன். அவன் வட்ட அலுவலகத்தில் ஓர் ஆவணத்தின் நகல் வேண்டி விண்ணப்பிக்கின்றான். எழுத்தர் ஐந்து ரூபாய் கேட்கின்றார்; இவன் இரண்டே தருவேன் என்கின்றான். பூசல் முற்றவே, இலஞ்சம் கொடேன் என இவனும், விதிப்படியே தருவேன் என எழுத்தரும் உறுதி பூணுகின்றனர். லங்கட் தொடக்கத்திலேயே அறவோன் அல்லன் என்பது நோக்கத்தக்கது. எனினும், விதியை மெய்யென நம்பிய பின்னர் அவன் நிலை மாறவில்லை. அந்த விதியோ நகலைத் தருவதற்கன்றித் தராமைக்கே பயன்படுகின்றது. இறுதியில் நகல் ஆயத்தமாகும் வேளையில் அவன் நோயுற்றுக் கிடக்க, கெடு கடந்து அது கிழிக்கப்படுகின்றது. ஊர் நகைக்கின்றது; படிப்போரும் உடன் நகைக்கின்றோம்.

அந்நகைப்பிற்குப் பிற்கால வரலாறு விடை பகர்ந்தது. ராஜஸ்தானில் 1990இல் தோன்றிய 'மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்னும் இயக்கம், ஊர்ப் பணிகளுக்குரிய கூலிப் பட்டியல்களையும் செலவுச் சீட்டுகளையும் காட்டுமாறு கேட்டது. 1994 முதல் பொது விசாரணைகளில் அவை ஊரார்முன் உரக்கப் படிக்கப்பட்டன. வேலை செய்யாதார் பெயரில் கூலி எழுதப்பட்டமை வெளிப்பட்டது. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அறப்போர் நிகழ்ந்தது. பின்னர் 2005இல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. விண்ணப்பிப்போன் காரணம் கூற வேண்டா என்றும், பொதுவாக முப்பது நாளில் விடை தருதல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. லங்கட்டின் பேதைமை எனப்பட்டது சட்டமாயிற்று.

இவ்விடத்தே நூலின் குறை ஒன்று புலனாகின்றது. அதன்கண் பெண்கள் ஏறத்தாழப் பேசுவதே இல்லை. கூலி உழைப்பாளர் ஒன்றுகூடுவதும் இல்லை. ஊரை நாம் பெரிதும் ரங்கநாத்தின் கண்கொண்டு காண்கின்றோம். அவனோ ஊரைவிட்டு ஓடவே விழைகின்றான். ராஜஸ்தானில் கணக்குக் கேட்டோர், அக்கண்ணுக்குப் புலப்படாத பெண்களும் உழைப்பாளருமே. லங்கட் தோற்றது அவன் தனித்து நின்றமையால் என்பதை ஆசிரியர் காட்டுகின்றார். கூடிநிற்கும் வழியை அவர் காட்டவில்லை.

ஆயினும், நூலின் எச்சரிக்கை பொய்த்துவிடவில்லை. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிய 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும், மனைவியின் பெயரால் கணவன் ஆளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு; சனீசரை முன்னிறுத்திய சூழ்ச்சியே இங்கு வேறு வடிவில் தொடர்கின்றது. 2019இல் செய்யப்பெற்ற திருத்தம், தகவல் ஆணையர்தம் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் உறுதி செய்யும் அதிகாரத்தை நடுவண் அரசிடம் ஒப்படைத்தது. கணக்குக் கேட்போர்க்கு விடை பெற்றுத் தரவேண்டிய நடுவர், கணக்குக் காட்டவேண்டியோரையே தம் பதவிக்கும் ஊதியத்திற்கும் சார்ந்திருத்தல் முறையாகாது.

சட்டம் இயற்றுவது அரசு. அதனை உயிருடையதாக்குவதோ, உயிரற்றதாக்குவதோ சமுதாயம். இவ்வுண்மையை 'ராக் தர்பாரி' தோல்வியின் பக்கம் நின்று உணர்த்துகின்றது. அதனை முழுமையாக உணர வேண்டுவோர், சிவபால்கஞ்சோடு பியாவரையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.