கோட்டாவுக்கு எட்டாத வயது

1980களில் அமெரிக்க உணவகங்களில் வெண்சதைத் துண்டாகப் பரிமாறப்பட்ட ஆரஞ்சு ரஃபி மீன்களில் பல, அவற்றை உண்டவர்களின் பாட்டனாரைவிட மூத்தவை. உண்டவர்களுக்கு அது தெரியாது. பிடித்தவர்களுக்கும், எவ்வளவு பிடிக்கலாம் என்று அளவு விதித்த நியூசிலாந்து அரசுக்கும்கூடத் தெரியாது. அந்த அறியாமையின் மேல் எழுந்ததுதான், உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் கோட்டா முறை.

பல நூறு மீட்டர் முதல் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் வரையான ஆழத்தில், கடலடிக் குன்றுகளை ஒட்டி வாழும் மீன் இது. உயிரோடிருக்கையில் செங்கல் நிறம். செத்த பிறகே ஆரஞ்சுக்கு மாறும். தலையில் கோழை சுரக்கும் குழிகள் இருப்பதால் ஆங்கிலத்தில் இதற்கு முன்பு கோழைத்தலையன் என்ற பொருளில் பெயர் வழங்கியது. அந்தப் பெயரைச் சொல்லி விற்க முடியாது என்பதால் புதுப்பெயர் சூட்டினார்கள்.

நம் ஊர் மத்தி ஓராண்டுக்குள் சினை பிடித்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயுளை முடித்துக்கொள்ளும். ஆரஞ்சு ரஃபி முதல் முறை சினை பிடிக்கவே இருபதிலிருந்து நாற்பது ஆண்டுகள் ஆகலாம். அதற்குப் பிறகு வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதால், நீளத்தை வைத்து ஐம்பது வயது மீனையும் நூறு வயது மீனையும் பிரித்தறிய முடியாது. முட்டைகள் பல்லாயிரக்கணக்கில்தான், கடல்மீன் கணக்கில் அது சொற்பம். அதிலும் எல்லாப் பெண்மீன்களும் ஆண்டுதோறும் சினைவிடுவதில்லை. காதுக்கல்லில் உள்ள வளையங்களை எண்ணிக் கண்ட வயதைப் பலர் நம்பத் தயங்கினர். 1991இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே காதுக்கல்லின் கதிரியக்கத்தை அளந்து, சில மீன்கள் நூறு வயதைத் தாண்டியவை என்று காட்டினார்கள்.

அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. நியூசிலாந்தின் கிழக்கே சாத்தம் மேட்டில் 1970களின் இறுதியில் தொடங்கிய மீன்பிடிப்பு பத்தே ஆண்டுகளில் உச்சத்துக்குப் போனது. 1980களின் கடைசியில் அந்நாட்டின் ஆரஞ்சு ரஃபிப் பாடு ஆண்டுக்கு 50,000 டன்னைத் தாண்டியது. சினைவிடும் பருவத்தில் மீன்கள் குன்றுகளில் திரண்டு நிற்கும். இழுவலை இறங்கும் இடமும் அதுதான். இருப்பில் பாதி குறைந்தாலும் திரள் அதே அடர்த்தியில் நிற்பதால், வலையில் ஏறும் மீனைப் பார்த்துக் கடலில் மிச்சம் எவ்வளவு என்று கணிக்க முடியாது.

1986இல் வந்த கோட்டா முறை இதற்குக் கடிவாளம் போட முயன்றது. எத்தனை படகும் கடலுக்குப் போகலாம் என்ற போட்டியை ஒழித்து, ஒவ்வொருவருக்கும் இவ்வளவு டன் என்று பங்கு பிரித்தது. தவறு நேர்ந்தால் திருத்தும் வழியும் அதில் இருந்தது. ஆரம்பத்தில் நிலையான டன் கணக்கில் கோட்டா கொடுத்ததால், அளவைக் குறைக்க வேண்டுமானால் அரசு பணம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. 1990இல் அதை விகிதப் பங்காக மாற்றினார்கள். மொத்த அளவு குறைந்தால் எல்லோர் பங்கும் தானாகவே குறையும். 2000இல், நியூசிலாந்தின் இன்னொரு பிடிப்பிடமான சேலஞ்சர் மேட்டை மூடவும் முடிந்தது.  கோட்டா முறை வெறும் சடங்கில்லை என்பதற்கு இதுவே போதும்.

குறை, அந்த முறை எண்ணத் தெரிந்துகொண்ட அலகில் இருக்கிறது. அது டன்னை எண்ணியது, ஆண்டை எண்ணவில்லை. மீன்வளத்தைப் பாதிக்குக் கீழே குறைத்துவிட்டால் மிச்சமிருக்கும் மீன்கள் வேகமாகப் பெருகும், அந்த உபரியை ஆண்டுதோறும் அறுவடை செய்யலாம் என்பதே இத்தகைய மேலாண்மையின் அடிப்படை. இந்த மீனுக்கு அந்த உபரி மிகச் சிறியது. இயற்கை இறப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கைந்துதான். தொடக்க இருப்பில் நீடித்து எடுக்கக்கூடியது ஆண்டுக்கு ஒன்றிரண்டு சதவீதம். ஆக, முதல் பத்தாண்டுகளில் அள்ளியது பெரும்பாலும் முதல்தான், வட்டி அல்ல. ஓர் உயிரினம் பெருகும் வேகம் வங்கி வட்டியைவிடக் குறைவாக இருந்தால், அதை மொத்தமாகப் பிடித்துக் காசாக்குவதே ஒற்றை உரிமையாளருக்கும் லாபமாகலாம் என்று கனடா நாட்டுக் கணிதவியலாளர் காலின் கிளார்க் 1973இலேயே எச்சரித்தார். மீனை உடைமையாக்கிவிட்டால் உடைமையாளர் காப்பார் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு கிடையாது.

இன்னொரு கணக்கு கோட்டாவில் ஏறவே இல்லை. குன்றுகளின் மேல் வளரும் ஆழ்கடல் பவளங்கள் நூற்றாண்டுக் கணக்கில் உருவானவை. இழுவலை சில இழுப்புகளில் அவற்றை நொறுக்கிவிடும். 2007இல் நியூசிலாந்து தன் கடற்பரப்பில் சுமார் 30 சதவீதத்தில் கடலடி இழுவலையைத் தடைசெய்தது. பரப்பளவில் பெரிய சாதனைதான். ஆனால் அதில் பெரும்பகுதி யாரும் வலை வீசாத, வீசினாலும் மீன் விழாத ஆழம் என்ற விமர்சனத்துக்கு இன்றும் வலுவான பதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல், 800 மீட்டருக்குக் கீழே கடலடி இழுவலையே கூடாது என்று ஆழத்தை வைத்துக் கோடு கிழித்தது.

மீட்சிக் கதைகளையும் இந்த வயதைக் கொண்டுதான் சோதிக்க வேண்டும். சேலஞ்சர் மேடு 2010இல் மீண்டும் திறந்தது. ஆஸ்திரேலியா தாஸ்மேனியாவின் கிழக்கே 2015இல் மறுபடி அனுமதித்தது. நியூசிலாந்தின் மூன்று ஆரஞ்சு ரஃபி இருப்புகள், சூழல் அமைப்புகளின் ஆட்சேபத்தை மீறி 2016இல் கடல்வளப் பராமரிப்பு மன்றத்தின் நீடித்த மீன்பிடிப்புக்கான சான்றிதழைப் பெற்றன. ஒலியலை ஆய்வுகளில் திரள்கள் பெருகித் தெரிந்தது மெய். ஆனால் சினைவிடும் வயது முப்பது என்று வைத்துக்கொண்டால், 2010இல் குன்றுக்கு முதன்முறை வந்த மீன் 1980ஐ ஒட்டிப் பிறந்தது. அது பிறந்தபோது தாய்மீன்கள் ஏராளமாக இருந்தன. தாய்மீன்கள் குறைந்த 1990களில் எத்தனை குஞ்சு தப்பிப் பிழைத்தது என்பதற்கு அந்தத் திரள் சாட்சி சொல்லாது. அந்தக் குஞ்சுகள் இப்போதுதான் ஒவ்வொன்றாக வயதுக்கு வந்து குன்றுகளுக்குத் திரும்பத் தொடங்கியிருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை வரும் பத்தாண்டு ஆய்வுகளில்தான் தெரியவரும்.