மாயர் கணக்கை ரசிப்பது எப்படி?

பெங்களூரில் வாழும் தமிழர் ஒருவர், மத்திய அமெரிக்க மாயர்களின் பழைய நாட்காட்டியை ரசிப்பதற்கு வேண்டிய பயிற்சியைத் தாம் அறியாமலே பெற்றிருக்கிறார் என்று நான் சொன்னால், அதை மிகையென்று எவரும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஏனெனில், அல்சூரில் ஒரு வீட்டார் யுகாதியன்று வேப்பம்பூவும் வெல்லமும் உண்டு வருஷத்தைத் தொடங்க, அடுத்த வீட்டார் சில நாட்களோ சில வாரங்களோ கழித்து, சித்திரை முதல் நாளில், அதே பெயருடைய வருஷத்தைத் தொடங்குகின்றனர். முன்னது சந்திரனையும் தழுவியது. பின்னது சூரியனை மட்டும் பற்றியது.

இந்த இரு கதிகளையும் முதலில் கண்ணால் காண வேண்டும். சங்கிராந்தி மாலையில் கவிப்புரத்துக் கங்காதரேசுவரர் குகைக்கோயிலில், மேற்கே சாயும் சூரியனின் கிரணம் நந்தியின் கொம்புகளுக்கிடையே புகுந்து லிங்கத்தின்மேல் விழுகிறது. அந்நாள் ஜனவரி நடுப்பகுதியை விட்டு அகல்வதில்லை. தர்மராயர் கோயில் கரகமோ சைத்ர பௌர்ணமி இரவில் புறப்படுவது. ஆகவே 2024இல் ஏப்ரல் 23 அன்று வந்த அது, மறுவருஷம் பதினொரு நாள் பின்வாங்கி ஏப்ரல் 12 அன்றே வந்துவிட்டது. இப்படிப் பின்வாங்கிக்கொண்டே போகும் சந்திர மாதங்களை, அவ்வப்போது ஓர் அதிக மாசத்தைச் செருகிப் பருவத்தோடு இணைத்துவிடுகிற சாமர்த்தியத்தைப் பஞ்சாங்கத்தில் தேடிப் பார்ப்பவருக்கு, ராகுகாலம் பார்ப்பதற்கு மட்டுமே அந்நூலைப் புரட்டுபவர் அறியாத ஓர் ஆனந்தம் கிட்டும்.

அந்த ஆனந்தத்தோடு மாயர்களிடம் செல்வோம். பதின்மூன்று எண்களும் இருபது நாட்பெயர்களும் ஒன்றோடொன்று சுழன்று 260 நாட்களில் தம் சேர்க்கைகளை முடிக்கின்றன. அதனருகே 365 நாள் வருஷம் ஒன்று ஓடுகிறது. இரண்டும் பழைய இடத்தில் மீண்டும் சந்திப்பதற்கு 18,980 நாட்கள், அதாவது ஐம்பத்திரண்டு வருஷங்கள், ஆகின்றன. அறுபது வருஷத்துக்கொருமுறை பிரபவ திரும்பி வருவதைக் கண்டு பழகிய நமக்கு இது அந்நியமாகுமா? நெடுங்காலத்தை அளக்க, நம்மவர் கி.மு. 3102 பிப்ரவரி 18 முதல் கலி நாட்களை எண்ணியதுபோல, அவர்கள் கி.மு. 3114 ஆகஸ்டு முதல் எண்ணினர். (இவ்விரு தொடக்கங்களின் அண்மையில் ரகசியம் தேடுவோர் உண்டு, தற்செயல் என்பதே என் முடிவு.) 1,44,000 நாட்கள் கொண்டது ஒரு பாக்தூன், பதின்மூன்று பாக்தூன்கள் நிறைந்த 2012 டிசம்பர் 21ஆம் நாளைத்தான் உலகத்தின் இறுதி என்று உலகெங்கும் பலர் நடுங்கினர். மாயர்களோ, பலெங்கே நகரத்துக் கல்வெட்டொன்றில், தம் அரசன் பக்கால் பட்டமேறியதன் நினைவுநாள் கி.பி. 4772இல் வருவதைக் கணக்கிட்டே வைத்திருந்தார்கள்!

2012இல் நடுங்கியவர்களைக் கேலி செய்யும் உரிமை நமக்கில்லை. பிலவ வருஷத் தை மாதத்தில், 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை, மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடியபோது, பிரளயம் வருமென்று பாரத தேசமெங்கும் யாகங்கள் வளர்ந்தன. அந்த அஷ்டக்கிரகச் சேர்க்கையிலே கேது என்பது ஒரு கோளே அன்று. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் ஒரு புள்ளி. அப்புள்ளியருகே அமாவாசை நேர்ந்ததால் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. நியூகினிப் பகுதியில் அது பூரணமாகவும் தெரிந்தது. எஞ்சிய ஐந்து கோள்களும் சூரியனுக்கு அண்மையில் நின்றமையால், அஞ்சியவர்கள் தாங்கள் அஞ்சிய காட்சியை ஆகாயத்தில் ஒருநாளும் பார்க்கவில்லை. காகிதத்தில் எழுதிய கட்டத்தையே பார்த்தார்கள். வானத்தையே நோக்காமல் வானத்துக்கு அஞ்சிய அந்தப் பேதைமையைத்தான் நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். அறுபதாண்டு கழித்து அதே பிலவ 2021 ஏப்ரலில் திரும்பி வந்தது.

ஆகவே வரும் யுகாதிக்கும் சித்திரை முதல் நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்; மறுவருஷம் அந்த இடைவெளி எப்படி மாறுகிறதென்று பாருங்கள்; அதன்பின் மாயர்களின் 260ஐயும் 365ஐயும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவர்களுடைய அடுத்த பாக்தூன் 2407ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறைவெய்துகிறது.